நாலு சொல் பேச யாரைக் கேட்கணும்

எனக்குக் கான்டனீஸ் தெரியும். சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. நம்பியதும் எல்லாரும் ஒன்றைத்தான் கேட்பார்கள்: "எங்க, கொஞ்சம் பேசிக் காட்டு." நான் காட்டமாட்டேன். யாராவது கான்டனீஸ் தெரிந்தவர் எதிரில் இருந்தால் பேசுவேன். இல்லாவிட்டால் எதற்கு? வேடிக்கை காட்டுவதற்காகக் கற்றுக்கொண்டதில்லை அது.

ஆரம்பாக்கத்துக்குப் பக்கத்து ஊர் எங்களுக்கு. ஒரு காலத்தில் ஊரார் நிலத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்த குடும்பம். நைனா இரும்பு உருட்டாலைக்கு வேலைக்குப் போனார், நான் டிப்ளமோ முடித்துவிட்டுக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனிக்குப் போனேன். மின்விசிறி மூடி, சுவிட்ச் பெட்டி, இந்த மாதிரிச் சாமான் வார்க்கிற இடம். வார்த்து வருவதில் கீறலா, குமிழியா என்று பார்த்து ஒதுக்குவது என் வேலை.

கொரோனா அடங்கியபின் கம்பெனியின் பெரும்பங்கு ஹாங்காங் முதலாளி ஒருவர் கைக்குப் போனது. பழைய மெஷின்களைத் தூக்கிவிட்டுத் தெற்குச் சீனத்திலிருந்து புது மெஷின்கள் வந்தன. அவற்றைப் பொருத்தி ஓட்டிக் காட்ட ஒரு தலைமை மெக்கானிக்கும் இரண்டு உதவியாட்களும் கூடவே வந்தார்கள். தலைமை மெக்கானிக்கை அவர் ஆட்கள் "ஸீஃபூ" என்று கூப்பிட்டார்கள். வேலை கைவந்தவரை அப்படித்தான் அழைப்பார்களாம். நாங்களும் ஸீஃபூ என்றே கூப்பிட்டோம். குட்டையாக, தொப்பை போட்டு, எந்நேரமும் கழுத்தில் ஒரு துண்டோடு இருப்பார்.

சென்னையிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்திருந்தார்கள். அவருக்குத் தெரிந்தது மாண்டரின், சீனத்தின் பொது மொழி. ஸீஃபூவும் அதைப் பேசுவார். ஆனால் ஒரு போல்ட்டு ஏறாமல் அடம்பிடிக்கும்போது, ஆட்களை வையும்போது, தங்களுக்குள் சிரிக்கும்போது, மூன்று பேரும் கான்டனீஸுக்குத் தாவிவிடுவார்கள். மொழிபெயர்ப்பாளர் பாவம், ஊமையாட்டம் நிற்பார். சில வாரத்தில் வேறு வேலை கிடைத்து அவரும் போய்விட்டார். அதற்குள் நான் மெஷின் பக்கத்திலேயே நின்று நின்று கொஞ்சம் பொறுக்கிவிட்டிருந்தேன். எண்ணெய், தண்ணீர், சூடு, நிறுத்து, இன்னும் ஒரு தரம்.

என்னை இழுத்தது ங. அரிச்சுவடியில் எழுதிப் பார்த்ததோடு சரி, அந்த எழுத்தில் தொடங்குகிற ஒரு சொல்லை நான் வாழ்நாளில் பேசியதில்லை. இந்தப் பாஷையில் "நான்" என்பதே ங-வில்தான் தொடங்குகிறது. ஙோ. மாடு ஙவ். சும்மா கிடந்த எழுத்துக்கு இப்படி ஒரு வேலை இருக்கிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

சூலூர்பேட்டை ரயிலில் வரும்போதும் போகும்போதும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஹாங்காங் சீரியல்கள் பார்க்க ஆரம்பித்தேன். ராஜா காலத்துக் கதை, வக்கீல் கதை, மாமியார் மருமகள் சண்டை எல்லாம். அப்போதுதான் 'நாலு சொல்' என்கிற அவர்களுடைய மரபுத்தொடர்கள் காதில் விழுந்தன. ஒவ்வொன்றும் எண்ணி நாலே சொல். பழைய எழுத்து நடையில் இறுகிப்போனவை. ஒவ்வொன்றிலும் ஒரு கதையோ ஒரு நியாயமோ மடித்து வைத்திருக்கும். மந்திரியும் சொல்கிறான், சீரியலில் மீன் விற்கிறவளும் சொல்கிறாள். எனக்கு அவைமேல் ஒரு பேராசையே வந்துவிட்டது.

முதல் தடவை சொன்னது ஒரு மத்தியானம். மோல்டு, அதாவது வார்ப்பு அச்சு, திறக்காமல் சிக்கிக்கொண்டது. இரண்டு உதவியாட்களும் கையைத் துடைத்துவிட்டு, மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்றார்கள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். முந்தின நாள்தான் சீரியலில் ஒரு தளபதி முழங்கியதைக் கேட்டிருந்தேன். பூன் தோ யி ஃபய். பாதி வழியில் கைவிடுவது. அதைச் செய்யக்கூடாது என்று சொல்ல நினைத்து, மூச்சை இழுத்துப் பிடித்துச் சொன்னேன்.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் ஒரு சிரிப்பு. ஸீஃபூ துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஒரு உதவியாள் தளபதி மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னான். ஸீஃபூ தன் தொப்பையைத் தட்டிக் காட்டினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

உற்பத்தி மேனேஜர் சத்தம் கேட்டு வந்தார். சென்னைக்காரர், இங்கிலீஷ் நன்றாகப் பேசுவார்.

"இன்னாமா, எதுக்குச் சிரிக்கிறாங்க?"

"நான் பேசினதுக்கு சார்."

"சிம்பிளா பேசும்மா. எஸ், நோ, ஓகே, போதும். அவங்கள இம்ப்ரெஸ் பண்ணவா வந்திருக்க?"

எனக்கு இது புதிதல்ல. பாலிடெக்னிக்கில் முதல் நாள் "இன்னா சார்" என்று கேட்டதற்கு வகுப்பே சிரித்தது. ஊடு, கீது, வந்துக்கினு என்று நான் வாயைத் திறந்தாலே பின்பெஞ்சில் ஒருத்தி அதை இழுத்து இழுத்துச் சொல்வாள். சரி என்று பேச்சுப் போட்டியில் சுத்தமான தமிழில் பேசினேன். அதற்கும் சிரித்தார்கள். "பெரிய தமிழம்மா வந்துட்டா." எங்கள் பேச்சைப் பேசினாலும் தப்பு, அவர்கள் பேச்சைப் பேசினாலும் தப்பு. அப்போது வாயை மூடிக்கொண்டேன். இந்தத் தடவை மூடுவதாக இல்லை.

மறுநாள் ஸீஃபூ வெளியே வேப்பமரத்தடியில் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஊரில் இருக்கிற பெண்டாட்டியோடு ஏதோ தகராறு. மகள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்னவோ சொல்லிவிட்டார் போல. ஸீஃபூ கொதித்துப்போய்ச் சொன்னார்: "ஹெய் யவ் ச்சி லெய்!" இப்படியும் ஒரு நியாயம் உண்டா என்று அர்த்தம். நாலு சொல். பழைய புத்தக நடை. அதைத் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, ஒரு கையில் டீ டம்ளரோடு சொல்கிறார். யாரும் சிரிக்கவில்லை.

அவர் போனை வைத்ததும் நேராகப் போய் நின்றேன். என் ஓட்டைக் கான்டனீஸில் கேட்டேன். கேட்டதை எங்கள் பேச்சில் எழுதினால்தான் எனக்குச் சரியாக வரும்.

"இப்ப நீ சொன்னியே, அது நாலு சொல்லு தானே?"

"ஆமாம்."

"உங்க ஆளுங்க நாளெல்லாம் சொல்றீங்க. நான் சொன்னா மட்டும் இன்னாத்துக்குச் சிரிப்பு?"

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். பிறகு, "நீ வெளிநாட்டுக்காரி. வெளிநாட்டுக்காரி மாதிரி பேசினால் அழகாக இருக்கும். குழந்தை பேசுகிற மாதிரி. அதெல்லாம் உனக்கு எதற்கு? போல்ட்டு, எண்ணெய், அது போதும்" என்றார்.

"நான் கொழந்த இல்ல."

"அது மட்டுமில்லை. நீ சொன்னதும் தப்பு." மறுபடியும் தொப்பையைத் தட்டினார். 'தோ' என்கிற சொல்லைக் குரலைத் தாழ்த்திச் சொன்னால் வழி. தாழத் தொடங்கி மேலே தூக்கினால் வயிறு. நான் தூக்கிவிட்டேனாம். பாதி வழியில் விடக்கூடாது என்பதற்குப் பதில் பாதி வயிற்றில் விடக்கூடாது என்று முழங்கியிருக்கிறேன். அதுவும் சாப்பாட்டு வேளைக்குக் கொஞ்சம் முன்னால்.

எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்துக்கொண்டே கேட்டேன்: "சரி, தொனி தப்பு. அத்தெ திருத்திக்கிறேன். அப்புறம் சொல்லலாமா?"

"சொல்லாதே என்றால் விடவா போகிறாய்?" என்றுவிட்டுப் போனார். அதை அனுமதி என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அனுமதி கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். நைனா உள்ளேயிருந்து, "இன்னாடி அது, தகரக் கூர மேல ஆலங்கட்டி உழுவுறா மாதிரி கீது?" என்பார். சத்தத்தில் வேலை பார்த்து அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அவர் காதுக்கே அப்படிக் கேட்டால் தொனி ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொண்டேன்.

தொனி சரியானபிறகும் சிரித்தார்கள். சத்தம் குறைந்தது, அவ்வளவுதான். உதவியாள் ஒருவன் நான் வாயைத் திறக்குமுன்பே தளபதியாகிவிடுவான். எங்கேதான் தவறுகிறது என்று யோசித்துக்கொண்டே ஒருநாள் ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கினேன். இறால் கூடைக்காரி ஒருத்தி டிக்கெட் பரிசோதகரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "அநியாயம், அக்கிரமம்! கூடய நவுத்து வெச்சதுக்கா இந்தப் பேச்சு? தர்ம நாயம் பாத்துப் பேசு சாமி!" சுற்றி நின்ற யாரும் அவளைப் பண்டிதை என்று நினைக்கவில்லை. அநியாயமும் அக்கிரமமும் எவ்வளவு பெரிய சொற்கள்! அவள் அவற்றைக் கூடையைத் தூக்குகிற மாதிரி தூக்கிப் போட்டாள். மேடையில் எடுத்து வைக்கவில்லை.

நான் மேடையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். சொல்லுமுன் ஒரு மூச்சு, சொன்னபின் யார் முகத்தில் என்ன தெரிகிறது என்று ஒரு பார்வை. அதுதான் சிரிப்பை வரவழைத்தது. சொல்லில் குற்றமில்லை. அதைத் தேவைக்கு எடுக்க வேண்டும். போகிறபோக்கில், வேறு சாதாரணச் சொற்களுக்கு நடுவில், பின்னால் அவர்கள் இழுக்கிற ஒரு "லா"வோ "ஆ"வோ ஒட்டி, வாய் தானாகச் சொன்ன மாதிரி விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட வேண்டும்.

அப்படி முதலில் வாய்த்தது ஒரு தண்ணீர்க் குழாய் விஷயத்தில். மெஷினுக்குத் தண்ணீர் போகிற குழாய் கசிந்தது. ஸீஃபூ சுற்றிக் கட்டி, கசிவும் நின்றுவிட்டது. அவர் விடாமல் மேலே இன்னொரு பட்டையைச் சுற்றி, அதன்மேல் கவ்வி ஒன்றை மாட்டப் போனார். நான் கையில் சாமான் தட்டோடு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தவள், நிற்காமலே, "கசிவுதான் நின்னுடுச்சே ஸீஃபூ, வாக் ஸெ தீம் ஜுக் லா" என்றேன். பாம்பை வரைந்துவிட்டு அதற்குக் காலும் வரைகிற வேலை. வேண்டாத மிகை.

"அதுவும் சரிதான்" என்று அவர் கவ்வியைக் கீழே வைத்தார். அவ்வளவுதான். சிரிப்பு இல்லை, பாராட்டு இல்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் தட்டோடு போய் என் மேசையில் உட்கார்ந்து கொஞ்சம் தண்ணீர் குடித்தேன். எந்தக் கைதட்டலும் எனக்கு அந்த அலட்சியத்துக்கு ஈடாகாது.

அதன்பின் வேலை நடுவில் ஸீஃபூவுக்கும் மேனேஜருக்கும் நடக்கிற பேச்செல்லாம் என் வழியாகத்தான் போய் வந்தது. அப்படித்தான் அந்தக் கதவு விஷயமும் என் வாய் வழியாகப் போனது.

மெஷினில் அச்சின் இரண்டு பாதிகளும் லாரி இடிக்கிற வேகத்தில் வந்து மூடும். அதற்கு முன்னால் ஒரு கதவு உண்டு. கதவு திறந்திருந்தால் அச்சு மூடாது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு சென்சார். ஆள் கதவைத் திறந்து, வார்த்த சாமானை எடுத்து, கதவை மூடினால்தான் மெஷின் அடுத்த சுற்றுக்குப் போகும். இந்தத் திறந்து மூடுகிற நேரத்தை மிச்சம் பிடிக்க, மெயின்டனன்ஸ் ஆட்களை விட்டு அந்தச் சென்சாரை ஏமாற்ற ஒரு ஒயரை மாட்டச் சொல்லியிருந்தார் மேனேஜர். கதவு திறந்தே கிடக்கும், மெஷின் ஓடிக்கொண்டேயிருக்கும்.

ஸீஃபூ அதைப் பார்த்துவிட்டுக் கத்தினார். "அவனிடம் சொல், இந்த ஒயரை இன்றைக்கே எடுக்கணும். கை போகும்."

நான் சொன்னேன். ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன். மேனேஜர் போனைப் பார்த்துக்கொண்டே, "ஆர்டர் முடியட்டும்மா, எடுத்துடலாம்" என்றார்.

ஆர்டர் முடியுமுன்பே அது நடந்தது. அந்த மெஷினில் நின்ற அக்கா எங்கள் லைனில் மூத்தவர். கவரைப்பேட்டைப் பக்கம். உள்ளே ஒட்டிக்கொண்ட ஒரு மூடியை எடுக்கக் கை நீட்டினார். அச்சு மூடியது. இழுத்ததில் கையுறை அதற்குள் போய்விட்டது, கை வெளியே வந்துவிட்டது. ஒரு விரலின் நகமும் நுனிச் சதையும் போயின. அவர் அலறவில்லை. கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அச்சு ஒரு கணம் முந்தி மூடியிருந்தால் மணிக்கட்டு வரை போயிருக்கும். நாங்கள்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அந்த வாரமே முதலாளியின் ஆள் ஹாங்காங்கிலிருந்து வந்தார். முன்பே முடிவான பயணம். இளைஞர், மடிப்புக் கலையாத சட்டை. விபத்து நடந்த மெஷினைப் பார்க்கணும் என்றார். கட்டுப்போட்ட விரலோடு அக்காவையும் வரச் சொல்லி நிறுத்தியிருந்தார்கள், மொழிபெயர்க்க நான் அவர் பக்கத்தில். மேனேஜர் இங்கிலீஷில் விளக்கினார். எத்தனையோ தடவை பயிற்சி கொடுத்தோம், ஆள் கவனக்குறைவு. ஒயரைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. அது இன்னும் அங்கேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த இளைஞர் ஸீஃபூ பக்கம் திரும்பிக் கான்டனீஸில் சொன்னார்: "இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து என்ன பயன்? தோய் ஙவ் தான் கம்."

மாட்டுக்கு முன்னால் வீணை வாசிப்பது. நாலு சொல்லை எப்படிப் போகிறபோக்கில் சொல்ல வேண்டும் என்று நான் இத்தனை நாள் பயின்றேனோ அப்படிச் சொன்னார். மூச்சு இழுக்கவில்லை, யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஸீஃபூ தரையைப் பார்த்தார்.

அக்கா என் முழங்கையைத் தொட்டார். "இன்னா சொல்றாரு இவுரு?"

மேனேஜருக்கும் புரியவில்லை, ஆனால் அவருக்கு என்ன வேண்டும் என்பது தெரிந்திருந்தது. "பத்திரமா வேலை செய்யச் சொல்றாருன்னு சொல்லும்மா" என்றார்.

நான் அக்காவைப் பார்த்துச் சொன்னேன்: "உங்களுக்குச் சொல்லிக் குடுக்கறது மாட்டுக்கு வீண வாசிக்கறா மாதிரின்னு சொல்றாரு அக்கா."

அக்கா கட்டுப்போட்ட விரலை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் நான் அந்த இளைஞரிடம் நேரடியாகப் பேசினேன். இதையும் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"ஐயா, மாடு இங்கதான் நின்னுக்கினு கீது. கேட்டுக்கினுதான் கீது. நானும் அந்த மாடுங்கள்ல ஒண்ணுதான். நீங்க சொன்னது அத்தினியும் புரிஞ்சுது. இதோ, இந்த ஒயரப் பாருங்க. இது இருந்தா கதவு தெறந்தே கெடக்கும், மெஷினு மூடும். கை போவும்னு ஸீஃபூ சொன்னாரு. அத்தெ நான்தான் என் வாயால மேனேஜர் கிட்ட சொன்னேன். என் வேலைய நான் செஞ்சேன். மன் சம் மோ க்வய்." மனசைக் கேட்டால் வெட்கமில்லை என்று அர்த்தம். "ஆனா விரலு போன பொம்பளைய எதுருல நிக்க வெச்சு மாடுன்னு சொல்றீங்களே, மூக் சுங் மோ யன்."

கண்ணுக்குள் மனுஷரே இல்லை. அவ்வளவு திமிர் என்று சொல்வது. அதைச் சொல்லும்போது என் குரல் உடைந்து மேலே ஏறிவிட்டது.

அவர் முகம் சிவந்தது. ஒரு விரலைத் தூக்கி, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி, "யன்" என்றார். தாழ்ந்த தொனியில். மனுஷன் என்கிற சொல்லை நான் மேல்தொனியில் சொல்லிவிட்டேனாம். திருத்தினார்.

அவர் எதிர்பார்த்தது புரிந்தது. நான் கூசிப்போய்ப் பேச்சை நிறுத்திவிடுவேன் என்று.

"யன்," என்றேன், அவர் சொன்ன மாதிரியே தாழ்த்தி. "சரி. மூக் சுங் மோ யன். இப்ப சரியா வந்துச்சா? ஒயரு விஷயம் இன்னா ஆச்சு, அத்தெச் சொல்லுங்க."

அந்த நேரம் ஸீஃபூ நகர்ந்தார். யாரிடமும் எதுவும் கேட்காமல் சிவப்புப் பொத்தானை அமுக்கி மெஷினை நிறுத்தினார். பெட்டியைத் திறந்து, அந்த ஒயரைப் பிடுங்கி, மேனேஜர் கையில் கொண்டுபோய் வைத்தார். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த மெஷினுக்குப் போனார்.

அன்றைக்குச் சாயங்காலமே மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். இனிமேல் மொழிபெயர்ப்புக்கு என்னைக் கூப்பிட மாட்டார்களாம். வந்தவரை அவமானப்படுத்திவிட்டேனாம்.

"அவரு அக்காவ மாடுன்னு சொன்னது அவமானம் இல்லியா சார்?"

"அது அவங்க பாஷையில ஒரு பேச்சு வழக்கும்மா. சீரியஸா எடுத்துக்கக் கூடாது."

"நான் சொன்னதும் அவங்க பாஷையில ஒரு பேச்சு வழக்குதான் சார்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, "வேலய உட்டுத் தூக்கினாங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்புறம் இன்னா பேஜாரு? பேசிக்கினே இரு" என்று சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டார்.

மறுநாள் காலையில் நான் உள்ளே போனபோது எங்கள் லைன் பெண்கள் யாரும் மெஷினில் நிற்கவில்லை. நடைபாதையில் கூட்டமாக நின்றிருந்தார்கள். எல்லா மெஷினின் கதவையும் ஸீஃபூ வந்து பார்த்து, கதவு திறந்தால் ஒவ்வொன்றும் நிற்கிறது என்று காட்டினால்தான் கை வைப்போம் என்றார்கள். யாரும் அவர்களைத் தூண்டிவிடவில்லை. ரயிலில் வரும்போதே பேசி முடித்துவிட்டார்கள்.

என்னைப் பார்த்ததும் ஒருத்தி கேட்டாள்: "ஏய், அவங்க பாஷையில இது இன்னா நாயம்னு எப்டிக் கேக்கறது?"

"ஹெய் யவ் ச்சி லெய்."

மேனேஜர் வந்தபோது எல்லாரும் சேர்ந்து அதைச் சொன்னார்கள். தொனி சரியில்லை, ஆளுக்கு ஒரு மாதிரி. ஒருத்தி "ஐயோ ச்சீ லேய்" என்றாள். மேனேஜர் திகைத்துப்போய் நின்றார். ஸீஃபூ வாய்விட்டுச் சிரித்தார். பெண்களும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. ஸீஃபூ கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு மெஷினாகப் போய்க் கதவைத் திறந்து காட்டினார், மூடிக் காட்டினார். மத்தியானத்துக்குள் வேலை ஆரம்பித்தது.

விபத்து அறிக்கையில் அக்காவைப் பற்றிக் கவனக்குறைவு என்று எழுதினதை மாற்றினார்களா என்று இன்றுவரை எங்களுக்குக் காட்டவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். அக்கா இப்போது பேக்கிங்கில் இருக்கிறார். அந்த இளைஞர் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் கதவு திறந்திருந்தால் எங்கள் மெஷின் எதுவும் ஓடாது.

மொழிபெயர்ப்புக்குச் சென்னையிலிருந்து வேறொருவரை வைத்தார்கள். நல்ல மனுஷர். எங்களோடு கேன்டீனில் உட்கார்ந்து சாப்பிடுவார். ஆனால் ஸீஃபூ ஏதாவது என்றால் என் மேசைக்குத்தான் வந்தார். வேலை முடிந்து ஊருக்குப் போகிற வரை அப்படித்தான். எங்களுக்குள் வாக்குவாதம் வந்தால் இரண்டு பேரும் நாலு சொல்லை மாற்றி மாற்றி வீசுவோம். அவர் என் தொனியைத் திருத்துவார். நான் அவருடைய "இன்னா"வைத் திருத்துவேன், அவர் அதை "இங்னா" என்பார்.

சில மாதத்தில் அந்த மொழிபெயர்ப்பாளருக்கும் நல்ல வேலை கிடைத்து அவரும் போய்விட்டார். வீடியோ காலில் ஹாங்காங் அலுவலகத்தின் அச்சு ஆட்களுக்கு இங்கிலீஷ் வராது, அவர்களோடு பேச ஆள் இல்லை. மேனேஜர் என் மேசைக்கு வந்து நின்றார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டு, கொஞ்சம் இறங்கிய குரலில் பேசினார்.

"இன்னைக்கு ஒரு கால் இருக்கும்மா. புது அச்சு விஷயம். நீ உக்காரணும். ஆனா பழசெல்லாம் வேணாம். சிம்பிளா. அந்த நாலு வார்த்த கீலு வார்த்த எல்லாம் எடுக்கக் கூடாது."

"அப்போ வேற ஆள பாருங்க சார்."

"ஏம்மா, பிடிவாதம் பிடிக்கிற?"

"பேசறதுன்னா முழுசாத்தான் சார் பேசுவேன். எந்தச் சொல்லு எடுக்கணும், எந்தச் சொல்லு எடுக்கக் கூடாதுன்னு அவங்க ஆளுங்களுக்கு நீங்க சொல்றீங்களா? சொல்ல மாட்டீங்க. எனக்கும் சொல்லாதீங்க."

அவர் எழுந்து போனார். மத்தியானம் கால் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். நிபந்தனை எதுவும் இந்தத் தடவை சொல்லவில்லை. நான் போய்த் திரைக்கு எதிரில் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் அச்சு ஆட்களுக்கு நடுவில் அதே இளைஞர், அதே மாதிரி மடிப்புக் கலையாத சட்டை. என்னைப் பார்த்ததும் இங்கிலீஷில் வணக்கம் சொன்னார். நான் கான்டனீஸில் வணக்கம் சொன்னேன். அவர் அச்சின் அளவை இங்கிலீஷில் கேட்டார். நான் அளவையும் அதில் எங்கே குமிழி விழுகிறது என்பதையும் கான்டனீஸில் சொன்னேன். தேவைப்பட்ட இடத்தில் நாலு சொல்லும் வந்தது, நிறுத்தவில்லை. அவருக்கு எல்லாமே புரிந்தது, ஏனென்றால் அடுத்த கேள்வி சரியாக வந்தது, அதுவும் இங்கிலீஷில்.

அன்றிலிருந்து இப்படித்தான். அவர் இங்கிலீஷைவிட்டு இறங்குவதில்லை, நான் கான்டனீஸைவிட்டு இறங்குவதில்லை. மேனேஜர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருப்பார். அச்சு சரியாக வந்துகொண்டிருக்கிறது.